மூஷிகத் திமிங்கிலம்

கதை எழுதுகிறவனுக்கு உள்ள சங்கடங்களில் பெயர் வைப்பதும் ஒன்று. கதாநாயகிக்கு எப்படியோ ஒரு பெயர் அமைந்துவிடுகிறது. மூன்றாம் அத்தியாயத்தில் வந்து கதவைத் தட்டி ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறாரே தபால்காரர், அவருக்குத்தான் அமைவதில்லை. 'முனுசாமி' என்று எழுதிய மாத்திரத்தில் அவருக்கு ஒரு வயது வந்துவிடும். ஒரு நடை வந்துவிடும். காதோரத்தில் நாலு நரைமயிர்கூட வந்துவிடும். அப்புறம், அதே பெயரில் இன்னொரு பாத்திரம் இருக்கிறதே என்று பத்திரிகாசிரியர் ஆட்சேபித்தார் என்பதற்காக 'ராகவன்' என்று மாற்றினால், ஆள் கெட்டுப் போய்விடுகிறார். நடையும் மாறிவிடுகிறது, நரையும் உதிர்ந்துவிடுகிறது.

ஆகையால் பிறத்தியார் வைத்த பெயர்களை ஆராய்வதில் எனக்கு ஒரு சபலம் உண்டு. ஊர்ப் பெயரோ, தெருப் பெயரோ, மாம்பழத்தின் பெயரோ, எதுவானாலும் சரி: யார் வைத்தார், எதைப் பார்த்து வைத்தார், வைக்கிறபோது அந்தப் பொருள் அவர் கண்ணெதிரே இருந்ததா என்று கேட்டுக்கொண்டே போவேன். பெரும்பாலும் பதில் கிடைக்காது. மனிதர்கள் பெயரை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காரணத்தை எழுதி வைப்பதில்லை. ஒரு பெயர் விஷயத்தில் மட்டும், ஏறக்குறைய 2,300 வருஷத்துக் கதை துண்டு துண்டாகவாவது கிடைக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நீலத் திமிங்கிலத்தை நம்மில் பலரும் படத்தில் பார்த்திருப்போம். மனிதனுக்குத் தெரிந்த பிராணிகளில் எல்லாம் பெரியது அது. நூறடி நீளம் வரை வளர்கிறது. எடை 150 டன்னுக்கு மேலும் போகும். முப்பது யானைகளை ஒரு தட்டில் நிறுத்தி, மறு தட்டில் இதை வைத்தால் தராசு ஏறக்குறையச் சமமாக நிற்கும். இப்பேர்ப்பட்ட ஜந்துவுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் 'பலேனாப்டெரா மஸ்குலஸ்'.

முதல் பாதியில் விசேஷம் ஒன்றும் இல்லை. பலேனா என்றால் லத்தீனில் திமிங்கிலம். டெரான் என்பது கிரேக்கச் சொல். இறகு, துடுப்பு என்று பொருள். முதுகில் சிறு துடுப்பு உடைய திமிங்கிலம் என்ற அர்த்தத்தில் லாஸெபேட் என்ற பிரெஞ்சுக்காரர் 1804-ல் இட்டது. கண்ணால் பார்த்து, காரணத்தோடு வைத்த பெயர். இரண்டாவது பாதியில்தான் விஷயம் இருக்கிறது. 'மஸ்' என்றால் லத்தீனில் எலி. நம்முடைய விநாயகர் ஏறி வருகிற மூஷிகமும் இந்த 'மஸ்'ஸும் ஒரே மூலத்திலிருந்து பிறந்த சொற்கள் என்று மொழிநூலார் சொல்கிறார்கள். அதோடு சிறுமை குறிக்கும் விகுதி சேர்ந்தால் 'மஸ்குலஸ்'. அதாவது, குட்டி எலி.

முப்பது யானை எடையுள்ள குட்டி எலி!

இதற்குச் சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. மஸ்குலஸ் என்பதற்குத் தசை என்றும் பொருள் இருக்கிறது. கையை மடக்கினால் புஜத்தில் ஒன்று தோலுக்கடியில் ஓடுகிறதே, அதைப் பார்த்து ரோமானியர்கள் 'குட்டி எலி' என்றார்கள். இங்கிலீஷில் தசைக்கு வழங்கும் 'மஸில்' என்ற சொல் அப்படி வந்ததுதான். ஆகையால் தசைவலிமை மிக்க திமிங்கிலம் என்று பொருள் கொள்ளலாமே என்பது அவர்கள் கட்சி. இன்னொரு கட்சியினர், பெயர் வைத்தவர் ஒரு குறும்புக்காரர், பரிகாசத்துக்காகவே அப்படி வைத்தார் என்கிறார்கள். பெயர் வைத்தவர் ஸ்வீடன் தேசத்துக் கார்ல் லின்னேயஸ். 1758-ல் வெளிவந்த 'சிஸ்டமா நேச்சுரே' என்ற அவருடைய நூலின் பத்தாம் பதிப்பில், உலகத்துப் பிராணிகளுக்கெல்லாம் இரண்டிரண்டு சொல்லில் பெயர் சூட்டினார். நம் வீட்டு அரிசிப் பானையை உருட்டுகிற சுண்டெலிக்கு அதே புத்தகத்தில் அவர் வைத்த பெயர் 'மஸ் மஸ்குலஸ்'. ஒரே மனிதர், ஒரே புத்தகம். சுண்டெலிக்கும் மஸ்குலஸ், மலை போன்ற திமிங்கிலத்துக்கும் மஸ்குலஸ். இது பரிகாசம் அல்லாமல் வேறென்ன என்று கேட்கிறார்கள்.

கதை ரசமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை விழவில்லை. காரணம், அந்தப் பக்கத்தில் உள்ள மற்றப் பெயர்கள். லின்னேயஸ் திமிங்கில வகையில் நான்கு இனங்களைச் சொல்கிறார். முதலாவது மிஸ்டிசீட்டஸ், இரண்டாவது ஃபைஸாலஸ், துருத்தி போல் ஊதுவது, மூன்றாவது போவாப்ஸ், மாட்டுக் கண் உடையது, நாலாவது மஸ்குலஸ். பழைய கிரேக்க, லத்தீன் ஏடுகளைப் புரட்டினவருக்கு இந்த வாடை உடனே தெரியும். இவை புதிதாய்ப் புனைந்த பெயர்கள் அல்ல. பழைய பெட்டியைத் திறந்து எடுத்த நகைகள். லின்னேயஸுக்கு ஆயிரக்கணக்கில் பெயர் தேவைப்பட்டது. பழம்புலவர்கள் எந்த மிருகத்தைக் குறித்தார்கள் என்று நிச்சயமாகத் தெரியாத பெயர்கள் நிறையக் கிடந்தன. எடுத்து மாட்டினார். ஆகவே கேள்வி வேறு: அந்தப் பழைய பெட்டிக்குள் எலி எப்படி வந்து சேர்ந்தது?

அதற்கு அரிஸ்டாட்டிலிடம் போக வேண்டும்.

கிறிஸ்து பிறப்பதற்கு 300-க்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த மகானுபாவர், கடலோரத்தில் உட்கார்ந்து மீனையும் நண்டையும் அறுத்துப் பார்த்துக்கொண்டு பல காலம் கழித்தவர். டால்பின் காற்றைச் சுவாசிக்கிறது, குட்டி போடுகிறது, பால் கொடுக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிராணிகளின் மயிரைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிற இடத்தில் அவர் ஒரு பெருமீனைக் குறிப்பிடுகிறார். அதற்கு வாயில் பல் கிடையாதாம். பல்லுக்குப் பதிலாகப் பன்றிமயிர் போன்ற மயிர் இருக்கிறதாம். இது கட்டுக்கதை அன்று. நீலத் திமிங்கிலத்துக்கும் அதன் உறவினங்களுக்கும் இன்றும் அப்படித்தான். மேல்வாயிலிருந்து சீப்புப் போலத் தகடுகள் தொங்குகின்றன. ஓரமெல்லாம் மயிராக நைந்திருக்கும். ஒரு வாய்க் கடலை உள்ளே வாங்கி, தண்ணீரை இந்தச் சீப்பு வழியாகத் தள்ளிவிட்டு, உள்ளே தங்குகிற சிறிய கூனிகளை விழுங்குகிறது.

ஆனால் அந்தப் பெருமீனுக்கு அரிஸ்டாட்டில் என்ன பெயர் எழுதினார் என்பதில்தான் சிக்கல். ஏட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே படித்தால் 'ஹோமூஸ்டோகீட்டோஸ்'. 'ஹோ மூஸ் டோ கீட்டோஸ்' என்று பிரித்தால், 'எலி என்கிற அந்தப் பெருமீன்'. பிரிக்காமல் ஒரே சொல்லாக வைத்துக்கொண்டால் 'மூஸ்டோகீட்டோஸ்' என்ற ஒரு பிராணியின் பெயர். நடுவில் ஓர் அசை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலோ, 'மூஸ்டாக்ஸ்', அதாவது மீசை. மீசைத் திமிங்கிலம் என்று ஆகிவிடும். பல்லுக்குப் பதில் மயிர் உள்ள ஜந்துவுக்கு மீசைத் திமிங்கிலம் என்பது எவ்வளவு பொருத்தம்!

தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சிக்கலை நான் விளக்க வேண்டியதில்லை. பழைய கிரேக்க ஏடுகளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடும் வழக்கம் கிடையாது. நம்முடைய ஓலைச்சுவடிகளும் அப்படித்தான். போதாக்குறைக்கு மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இராது. உ. வே. சாமிநாதையர் போன்றவர்கள் அந்தச் சுவடிகளோடு எத்தனை இரவுகள் போராடினார்கள்! 'வேங்கை' என்று நின்றால் மரமா, புலியா, அல்லது 'வேம் கை', வேகின்ற கையா? 'பலகை' என்று நின்றால் மரப்பலகையா, பல கைகளா? இலக்கண ஆசிரியர்களுக்கு இது ஒரு சூத்திரம். பதிப்பாசிரியருக்கோ உயிர் போகிற விஷயம். அவர் பேனாவால் ஓர் இடைவெளி விட்டால் போதும், காட்டில் ஒரு புலி உண்டாகிவிடும். அதை எடுத்துவிட்டால் புலி மறைந்துவிடும். கிரேக்க ஏட்டில் உண்டானது எலி.

அரிஸ்டாட்டில் எலி என்றுதான் எழுதினார் என்றால், அவ்வளவு பெரிய ஜந்துவை மாலுமிகள் பரிகாசமாக 'எலி' என்று அழைத்திருக்கலாம் என்று ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஆறடி உயர ஆசாமியைக் 'குட்டை' என்று கூப்பிடுகிற மாதிரி. மீசை என்றுதான் எழுதினார் என்பாரும் உண்டு. என் ஓட்டு மீசைக்கு. ஆனால் என் ஓட்டுக்கு அங்கே மதிப்பில்லை. விஞ்ஞானிகளில் சிலரும் மீசைக் கட்சியில் சேர்ந்து, பல்லில்லாத திமிங்கிலங்கள் அனைத்துக்கும் 'மிஸ்டகோசீட்டி' என்று பெயரிட்டுப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. இன்று அந்தக் குலம் முழுவதற்கும் வழங்கும் பெயர் 'மிஸ்டிசீட்டி'. எலியா மீசையா என்று யாராலும் சொல்ல முடியாத பெயரே வென்றது.

நம்முடைய பெயர் மட்டும் என்ன ஒழுங்கு என்று கேட்டால், அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். திமிங்கிலம் என்ற சொல் சம்ஸ்கிருதத்திலிருந்து வந்தது. 'திமி' என்பது ஒரு மாபெரும் மீன். அதை விழுங்குவது திமிங்கிலம். அதோடு நம் முன்னோர்கள் நிறுத்தவில்லை. திமிங்கிலத்தையும் விழுங்குகிற திமிங்கிலகிலம் என்று ஒன்றைக் கற்பித்தார்கள். இவற்றில் எதையும் கிட்டப்போய்ப் பார்த்தவர்கள் வைத்த பெயராகத் தோன்றவில்லை. நீலத் திமிங்கிலத்தின் தொண்டை அதன் உடம்போடு பார்த்தால் மிகவும் குறுகல். பெருமீன் எதையும் அதனால் விழுங்க முடியாது. கிரேக்கர்கள் அதை எலியாக்கினார்கள். நாம் அதைப் பெருந்தீனிக்காரன் ஆக்கினோம். அதுவோ கூனியைத் தின்று காலம் கழிக்கிறது.

போகட்டும். அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு முந்நூறு, நானூறு வருஷம் கழித்து ரோமாபுரியில் பிளினி வருகிறார். வெசூவியஸ் எரிமலை கி. பி. 79-ல் வெடித்தபோது அதைக் கிட்டப்போய்ப் பார்க்கவும், அகப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றி வரவும் புறப்பட்டு, அங்கேயே உயிரைவிட்ட பிளினிதான். அவர் படிக்காத புத்தகம் இல்லை. படித்ததை எழுதி வைக்காத நாளும் இல்லை. 37 பாகத்தில் இயற்கையைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் கடல்வாழ் பிராணிகளின் சிநேகத்துக்கு உதாரணமாக அவர் ஒரு ஜோடியைக் காட்டுகிறார். ஒன்று பலேனா, திமிங்கிலம். மற்றது மஸ்குலஸ், எலி என்ற பெயருடைய ஒரு சிறு பிராணி. திமிங்கிலத்துக்குப் புருவம் கனத்துக் கண்ணை மூடிவிடுமாம். மேடு பள்ளம் தெரியாமல் ஆழமில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் அதன் கதி முடிந்தது. அப்போது இந்தச் சின்ன மஸ்குலஸ் முன்னால் நீந்திப் போய் வழிகாட்டுமாம். கண்ணில்லாத நண்பனுக்குக் கண்ணாக இருக்குமாம்.

பிளினி வேறோர் இடத்தில், திமிங்கிலத்துக்கு முன்னால் போகிற இந்தக் கடலெலிக்குப் பல் கிடையாது, வாய்க்குள் மயிர்தான் என்கிறார். இந்த வாக்கியத்தை நாம் முன்பே கேட்டிருக்கிறோம் அல்லவா? அரிஸ்டாட்டில் சொன்ன அதே மயிர்வாய்ப் பெருமீன். கிரேக்கத்தில் 'எலி என்கிற பெருமீன்' என்று ஒன்றாக இருந்தது, லத்தீனுக்கு வந்து சேர்வதற்குள் எலி ஒன்று, பெருமீன் ஒன்று என்று இரண்டாகப் பிளந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். இரண்டான பிறகு, அவை ஒன்றோடொன்று ஏன் சேர்ந்து வருகின்றன என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். யோசித்தவர் நல்ல மனசுக்காரர். சிநேகம் என்று காரணம் கண்டுபிடித்தார். பிரதி செய்தவர்கள் கைப்பிசகிலிருந்து இவ்வளவு அழகான கதை பிறந்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

லின்னேயஸ் எடுத்தது இந்தப் பெயரைத்தான். ஆனால் வழிகாட்டியின் பெயரை வழிகேட்டவனுக்குச் சூட்டிவிட்டார்.

இந்த இடத்தில் லின்னேயஸின் சிநேகிதர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவரால்தான் இந்தப் பெயர்க் கதை எனக்கு வெறும் மொழி ஆராய்ச்சியாக முடியாமல் போயிற்று. பெயர் பீட்டர் ஆர்டெடி. லின்னேயஸைவிட இரண்டு வயது மூத்தவர். இருவரும் உப்ஸலா சர்வகலாசாலையில் படிக்கிறபோது பழக்கமானார்கள். இருவரும் ஏழைகள், இருவருக்கும் ஒரே பைத்தியம். உலகத்துப் பிராணிகளையும் செடிகொடிகளையும் தங்களுக்குள் பாகம் பிரித்துக்கொண்டார்கள், அண்ணன் தம்பி நிலத்தைப் பிரித்துக்கொள்கிற மாதிரி. பறவையும் பூச்சியும் லின்னேயஸுக்கு. மீன் ஆர்டெடிக்கு. அந்தக் காலத்தில் திமிங்கிலத்தையும் மீனோடு சேர்த்தே எண்ணினார்கள். ஆகவே திமிங்கிலமும் ஆர்டெடியின் பாகத்தில் வந்தது. அதோடு ஓர் ஒப்பந்தம்: நம்மில் யார் முந்திப் போனாலும், மற்றவன் அவன் எழுதியதைக் காப்பாற்றி உலகத்துக்குக் கொடுக்க வேண்டும். இருபத்தைந்து வயது வாலிபர்கள் இப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது இருவரில் ஒருவரும் அதை நம்புவதில்லை.

1735-ல் இருவரும் ஹாலந்தில் சந்தித்தார்கள். ஆர்டெடி லண்டனிலிருந்து கையில் காசில்லாமல் வந்திருந்தார். ஆம்ஸ்டர்டாமில் ஆல்பர்ட்டஸ் ஸேபா என்ற மருந்து வியாபாரி, அபூர்வப் பிராணிகளைச் சாராயத்தில் ஊறவைத்துச் சேகரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் மீன்களைப் பற்றி எழுதும் வேலையை லின்னேயஸ்தான் நண்பருக்கு வாங்கிக் கொடுத்தார். வேலை முடியும் தறுவாயில் இருந்தது. கடைசிச் சந்திப்பில் ஆர்டெடி தம் கையெழுத்துப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் காட்டினாராம். நேரமாகிறதே என்று லின்னேயஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் இன்னும் உட்கார்ந்திருப்பேனே என்று பின்னால் மனம் நொந்து எழுதியிருக்கிறார். செப்டம்பர் மாதத்தில் ஓர் இரவு, ஸேபா வீட்டில் விருந்துண்டுவிட்டு ஆர்டெடி தம் ஜாகைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அந்நிய ஊர், இருட்டு, தெருவோரத்தில் கால்வாய். கால் தவறி விழுந்தார். மீன்களுக்கெல்லாம் இலக்கணம் வகுத்தவர் முப்பதாவது வயதில் தண்ணீரில் மூழ்கி இறந்தார்.

லின்னேயஸ் ஓடி வந்தார். உடலை அடக்கம் செய்தாயிற்று. கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. வாடகைப் பாக்கி தீர்ந்தால்தான் காகிதம் என்று வீட்டுக்காரர் பிடித்து வைத்துக்கொண்டார். ஜார்ஜ் கிளிஃபர்ட் என்ற செல்வர் பணத்தைக் கட்டி மீட்டுக் கொடுத்தார். லின்னேயஸ் தம்முடைய சொந்த வேலைகளுக்கு நடுவில் அதை ஒழுங்கு செய்து, 1738-ல் லெய்டன் நகரத்தில் நண்பர் பெயரால் அச்சிட்டார். மீன்நூலின் தந்தை என்று இன்று ஆர்டெடியைச் சொல்வது அந்த ஒரு புத்தகத்தை வைத்துத்தான்.

அதற்கு இருபது வருஷம் கழித்து, 1758-ல், லின்னேயஸ் திமிங்கிலங்களை மீன் கூட்டத்திலிருந்து பிரித்து, பால் கொடுக்கும் பிராணிகளோடு சேர்த்தார். நண்பரின் பாகத்திலிருந்து எடுத்துத் தம் பாகத்தில் வைத்துக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மஸ்குலஸ் என்ற பெயருக்குக் கீழே அவர் எழுதிய இலக்கண வரி ஆர்டெடியினுடையது. நெற்றியில் இரண்டு ஊதுதுளை, மேல்தாடையைவிட மிகவும் அகன்ற கீழ்த்தாடை என்பது அதன் சாரம். பக்கத்திலேயே ஆர்டெடியின் பெயரையும் குறித்திருக்கிறார்.

இனி நான் சொல்லப் போவது சரித்திரம் அல்ல. கதை எழுதுகிறவனுடைய ஊகம். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்டெடியின் வரியைப் படி எடுத்து எழுதிவிட்டு, அதற்கு ஒரு பெயர் தேடுகிறார் லின்னேயஸ். பிளினியின் புத்தகம் அவருக்குப் பாடம். திமிங்கிலத்தையும் எலியையும் பற்றிய இடத்தில் பிளினி பேசுவது சிநேகத்தைப் பற்றி. கண் தெரியாத பெரியவனுக்கு முன்னால் நீந்திப் போகிற சிறியவனைப் பற்றி. திமிங்கில விஷயத்தில் லின்னேயஸ் பார்வையற்றவர்தான். அந்த இனத்தை அவர் கண்ணால் கண்டவரல்ல. முன்னால் நீந்திப் போனவன் யார் என்று அவருக்குத் தெரியும். 'மஸ்குலஸ்' என்று எழுதுகிறபோது பேனா ஒரு கணமாவது நின்றிருக்காதா? நான் எழுதுகிற நாவலாக இருந்தால் நிறுத்தியிருப்பேன். அவர் எழுதியது நாவல் அல்ல. அடுத்த பிராணி காத்துக்கொண்டிருந்தது.

எப்படியோ, பெயர் விழுந்துவிட்டது. விழுந்த பெயரை மாற்றவும் முடியாது. பிராணிகளின் பெயர் விஷயத்தில் விஞ்ஞானிகளுக்குள் கண்டிப்பான சட்டம் ஒன்று இருக்கிறது. கணக்கு 1758 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஆரம்பம். அதிலிருந்து முறைப்படி முதலில் எவர் வைத்த பெயரோ, அதுவே பெயர். பொருத்தமா, பொருளுண்டா என்ற கேள்வி இல்லை. அமெரிக்காவில் பூமிக்குள்ளிருந்து கிடைத்த பெரும் எலும்புகளைப் பார்த்து, இது ஏதோ ராட்சதப் பல்லி என்று தீர்மானித்து ஹார்லன் என்பவர் 1834-ல் 'பேசிலோசாரஸ்' என்று பெயரிட்டார். 'பல்லி ராஜா' என்று அர்த்தம். சில வருஷங்களில் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன் பல்லைச் சோதித்து, இது பல்லியல்ல, பழங்காலத் திமிங்கிலம் என்று நிரூபித்து வேறு நல்ல பெயரும் சொன்னார். பிரயோஜனம் இல்லை. அந்தத் திமிங்கிலம் இன்றும் பல்லி ராஜாதான். நம்மூர்ப் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரில் தப்பாக ஏறிய பெயர் மாதிரி.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. சிரிக்க முடியாத பெயர் ஒன்றும் இதே திமிங்கிலத்துக்கு ஏற்பட்டது.

மஸ்குலஸ் என்று பெயர் ஏறி நூறு வருஷம் வரையில் அதற்கு ஆபத்தில்லை. அது வேகமானது, செத்தால் மூழ்கிவிடும், துடுப்புப் படகில் போகிறவனால் அதை ஒன்றும் செய்ய முடியாது. மெதுவாக நீந்தி, செத்தபின் மிதக்கிற இனம் ஒன்றை ஆங்கில வேட்டைக்காரர்கள் 'சரியான திமிங்கிலம்' என்று அழைத்தார்கள். கொல்லுவதற்குச் சரியானது என்று பொருள்! 1860-களில் நார்வே தேசத்து ஸ்வென்ட் ஃபாயின் நீராவிப் படகையும், உள்ளே போய் வெடிக்கிற ஈட்டியையும் கொண்டுவந்தார். அதன் பிறகு நீலத் திமிங்கிலமும் சரியான திமிங்கிலம் ஆயிற்று. 1930-31 ஒரு பருவத்தில் மட்டும் தென்துருவக் கடலில் 29,000-க்கு மேற்பட்டவற்றைக் கொன்றார்கள். எண்ணெய்க்காக, அந்த எண்ணெய் சோப்பாகவும், ரொட்டியில் தடவுகிற மார்கரினாகவும் ஆயிற்று.

அப்போது கணக்கு வைத்துக்கொள்ள ஒரு பெயர் தேவைப்பட்டது. 'நீலத் திமிங்கில அலகு' என்றார்கள். ஒரு நீலத் திமிங்கிலம் ஓர் அலகு. துடுப்புத் திமிங்கிலமானால் இரண்டு சேர்ந்து ஓர் அலகு. கூன்முதுகுத் திமிங்கிலம் இரண்டரை. சேய் திமிங்கிலமானால் ஆறு. எண்ணெய் அளவை வைத்துப் போட்ட கணக்கு. சர்வதேசத் திமிங்கிலக் குழு 1946 ஒப்பந்தத்தின்படி ஏற்பட்ட பிறகும், வருஷத்துக்கு இத்தனை அலகு கொல்லலாம் என்றுதான் தீர்மானம் போட்டது. எந்த இனத்தில் எத்தனை என்ற வரையறை அதில் இல்லை. ஒரே வெடியில் ஒரு முழு அலகு கிடைக்கிறபோது, ஆறு வெடி வெடிக்க எந்தக் கப்பல்காரன் விரும்புவான்? மிஞ்சியிருந்த நீலத் திமிங்கிலத்தைத் தேடித் தேடிக் கொன்றார்கள். அந்த அலகு 1972-ல்தான் ஒழிந்தது. நீலத் திமிங்கில வேட்டைக்கு முழுத் தடை 1966-ல் வந்தபோது, தென்துருவக் கடலில் அவை பழைய தொகையில் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அரைகுறைத் தடை ஒன்று 1960-களின் தொடக்கத்திலேயே வந்தது. அதிலும் ஒரு கடற்பகுதிக்கு விலக்கு அளித்தார்கள். அங்கே திரிவது வேறு வகை, 'குள்ள நீலத் திமிங்கிலம்' என்று காரணம். குள்ளன் என்றாலும் அது 70 அடிக்கு மேல் வளர்கிற குள்ளன். வேறு வகை என்பது வாஸ்தவமே. 1966-ல் அதற்குக் 'குட்டை வால்' என்று பொருள்படும் லத்தீன் பெயரும் வந்தது. ஆனால் பெயர் வருகிற வரைக்கும் துப்பாக்கி காத்திருக்கவில்லை.

பரிகாசப் பெயரில் தீங்கில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எலி என்று சொன்னவன் அதை ஓர் உயிராகத்தான் நினைத்தான். அலகு என்று சொன்னவன் கண்ணில் பீப்பாய்தான் இருந்தது.

லின்னேயஸ் 'மஸ்குலஸ்' என்ற பெயருக்கு ஆதாரமாகக் காட்டுவது ஒரே ஒரு திமிங்கிலத்தை. 1692-ல் ஸ்காட்லாந்தில், ஃபோர்த் நதியின் கழிமுகத்தில் கரை ஒதுங்கியது. எடின்பரோ வைத்தியர் ராபர்ட் சிப்பால்ட் அதை அளந்து பார்த்து, 78 அடி என்று குறித்து, திமிங்கிலங்களைப் பற்றித் தாம் எழுதிய லத்தீன் நூலில் சேர்த்தார். அரிஸ்டாட்டிலின் எலியும் பிளினியின் எலியும் ஆர்டெடியின் வரியும் கடைசியில் வந்து உட்கார்ந்தது இந்த உடம்பின் மேல்தான்.

சிப்பால்ட் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் ஹெர்ரிங் மீன் பிடிக்கிற செம்படவர்களுக்கு அந்தத் திமிங்கிலம் புதிதல்ல. இருபது வருஷமாக அதைப் பார்த்து வந்தார்கள். மீன் கூட்டத்தின் பின்னால் அது வரும், இவர்களும் வருவார்கள். எப்போதோ யாரோ சுட்ட குண்டு ஒன்று அதன் முதுகுத் துடுப்பைத் துளைத்துப் போயிருந்தது. தண்ணீருக்கு மேல் துடுப்பு எழும்பும்போது அந்தத் துளை தெரியும். அதைப் பார்த்து அவர்கள் தங்களுக்குள் அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். 'ஹாலி பைக்', ஓட்டைத் துடுப்பன் என்று நம் பாஷையில் சொல்லலாம்.